பதிலாள் வந்த பிறகு

தும்பைக்காட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் பாறை ஏற வேண்டும். ஊருக்கு மேலே, சாமைக் கொல்லைகள் முடிகிற இடத்தில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதன் உச்சியில் போய்க் கிழக்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும், மனசு வைத்தால் மூன்று. மேற்கே அரை அடி நகர்ந்தால் அதுவும் போய்விடும். கண்ணகி டீச்சர் ஆறு வருஷமாகத் தன் குடித்தனத்தை அந்தப் பாறைமேல் நின்றுதான் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு ரோடு கிடையாது. பஸ் வருவது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெடுவளவு வரைக்கும்தான். அங்கிருந்து காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஓடையைத் தாண்டி ஏறி வர வேண்டும். மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு தடமும் உண்டு. கடுக்காய் மூட்டை ஏற்றப் போட்டது. மழை இல்லாத நாளில் துணிந்தவர்கள் அதில் பைக் ஓட்டுவார்கள், விழுந்தால் எழுந்து மறுபடியும் ஓட்டுவார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். தலைமையாசிரியை கண்ணகிதான், அந்தத் தலைமையாசிரியைக்குக் கீழே வேலை பார்க்கிற டீச்சரும் கண்ணகிதான். ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுதிப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரத் திரும்பினால், நடுவில் மூன்று வகுப்பு ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல் வந்த மாதிரி. கீழே, டவுன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைவிட வாத்தியார்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். வயிறும் எரியும்.

அவள் புருஷன் ஆதிமூலம் திருக்கோவிலூர் பக்கத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். ஆலைக்கு லோடு கொண்டுபோனால் வரிசையில் நின்று திரும்ப இரண்டு நாள்கூட ஆகும். மகள் பூங்கோதைக்கு எட்டு வயது. அவளுக்கு வலிப்பு வரும். மாத்திரை தவறாமல் கொடுத்தாலும் எப்போதாவது வந்துவிடும், வந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஒரு தடவை குழந்தையைத் தன்னோடு மலைக்குக் கூட்டிவந்து வைத்துப் பார்த்தாள் கண்ணகி. மழை நாளில் வலிப்பு வந்து, சேலைத் தூளியில் போட்டு ஓடையைத் தாண்டித் தூக்கிப்போய், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த எண்ணத்தையே விட்டுவிட்டாள். ஆதிமூலத்தின் தங்கை தேவகிதான் இத்தனை வருஷமும் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தேவகிக்கு ஜூன் கடைசியில் கல்யாணம். கல்யாணம் முடிந்து அவள் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டால் பூங்கோதை பக்கத்தில் இருக்க ஆளே இல்லை. அதற்குள் கண்ணகி கீழே போய்விட வேண்டும்.

"எப்போம்மா வருவ?" என்று போனில் கேட்பாள் பூங்கோதை.

"புது ஸ்கூலு கெடச்சதும் கண்ணு. நம்ம ஊர் கிட்டயே. டெய்லி சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவேன்."

"அது எப்போ கெடைக்கும்?"

இந்த இடம் வரும்போது சிக்னல் போய்விடும். பெரும்பாலும் தானாகவே போகும். சில நாள் கண்ணகி மேற்கே அரை அடி நகர்ந்துகொள்வாள். அப்படி நகர்ந்த நாட்களில் பாறையிலிருந்து இறங்கும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

போன வருஷமே அவளுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. உத்தரவுக்கு அடியில் ஒரு வரி இருந்தது: பதில் ஆசிரியர் பொறுப்பேற்ற பின்னரே விடுவிக்கப்பட வேண்டும். பதில் ஆசிரியர் என்று ஒருவரைப் போட்டார்கள், அவரும் வந்தார். ஓடை வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நிமிர்ந்து நிற்கிற மேட்டைப் பார்த்தார். செருப்பை மறுபடி காலில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். ஜூன் மாதம் முடிந்தது, உத்தரவும் செல்லாமல் போனது. யாரைக் குறை சொல்வது? வேறு வழி இருந்திருந்தால் கண்ணகியும் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஓடையிலேயே திரும்பியிருப்பாள்.

இந்த வருஷ உத்தரவு ஜூன் பிறந்ததும் பாறைமேல் வந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்துக் கிளார்க் சுப்புராயன் போனுக்கு அனுப்பியிருந்தார். திருக்கோவிலூருக்குப் பக்கத்துப் பள்ளி. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரலாம். கண்ணகி பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டுத்தான் அடியில் இருந்த வரியைப் படித்தாள். பதில் ஆசிரியர்: திரு. காசிநாதன், நெடுவளவு பள்ளி, கூடுதல் பொறுப்பு.

காசிநாதன் நெடுவளவின் ஒரே வாத்தியார். ஐம்பத்தைந்து தாண்டிய மனிதர், சங்கராபுரத்துக்காரர். அவருக்கும் கண்ணகிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரே நாளில் இரண்டு பேரும் படுத்துவிடக் கூடாது என்பதுதான் அது. ஒருவர் கூட்டத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கீழே போனால், மற்றவர் காலையில் தன் பள்ளியை நடத்திவிட்டு மத்தியானம் அடுத்த பள்ளிக்குப் போவார். எப்போதோ ஒரு தடவை இரண்டு பள்ளியும் ஒரே நாளில் பூட்டிக் கிடந்து, பூட்டின் படம் பேப்பரில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அலுவலகம் எதை மன்னித்தாலும் அதை மட்டும் மன்னிக்காது. ஆகவே இருவரும் முறைபோட்டுத்தான் காய்ச்சலில் விழுந்தார்கள்.

அன்றைக்கே கண்ணகி நெடுவளவுக்கு இறங்கினாள். காசிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைப் பெஞ்சின்மேல் நீட்டியிருந்தார். சர்க்கரைப் புண். கட்டைவிரலில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார். அவர் கையிலும் போன் இருந்தது.

"எனக்கும் வந்துச்சு டீச்சர். சங்கராபுரம்," என்றார். "பதிலாளு யாருன்னு பாருங்க."

கண்ணகி பார்த்தாள். திருமதி கண்ணகி, தும்பைக்காடு பள்ளி, கூடுதல் பொறுப்பு.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது காசிநாதன்தான்.

"எனக்கு நீங்க பதிலாளு, உங்களுக்கு நான் பதிலாளு. ரெண்டு பேரும் போலாம்னு எழுதியிருக்கான். யாரு மொதல்ல போறதுன்னு மட்டும் எழுதல."

"யாரு மொதல்ல போறாங்களோ அவங்களுக்கு மட்டுந்தான் சார் உத்தரவு. நின்னவங்களுக்கு ரெண்டு ஸ்கூலு," என்றாள் கண்ணகி. சொன்ன பிறகு இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அலுவலகத்தில் போய்ச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். முதலில் கண்ணகி போனாள். காசிநாதன் அந்தக் காலோடு இரண்டு பள்ளியையும் பார்த்துக்கொண்டார். சுப்புராயன் உத்தரவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிக்கல்தான் டீச்சர். ஆனா நீங்க மட்டும் வந்து சொன்னா எப்டி? அவரும் வந்து சொல்லணுமில்ல?" என்றார். இரண்டு நாள் கழித்துக் காசிநாதன் போனார். கண்ணகி இரண்டு பள்ளியையும் பார்த்துக்கொண்டாள். "டீச்சரும் கூட வந்திருந்தா முடிச்சிருக்கலாம் சார்," என்றார் சுப்புராயன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வரணும்னா ரெண்டு ஸ்கூலையும் பூட்டணுமேப்பா."

"ஐயோ, அது கூடாது சார்."

உள்ளே அதிகாரி அரங்கநாதன் இருந்தார். புதிதாக வந்தவர், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. காசிநாதனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். "நெலமைய நீங்களும் புரிஞ்சிக்கணும் சார். மலைக்கு ஆளே இல்ல. போடுற ஆளெல்லாம் ஒரு வாரத்துல மெடிக்கல் சர்ட்டிபிகேட்டோட வந்து நிக்கிறாங்க. உங்க ரெண்டு பேருல யாரு சாவிய குடுக்குறீங்களோ அவங்க போங்க. வாங்கிக்கினவங்க ரெண்டு ஸ்கூலையும் பாக்கட்டும். எனக்கு ரெண்டு ஸ்கூலும் தெறந்திருக்கணும், அவ்ளோதான்."

மலைப் பள்ளிகளில் பொறுப்பு மாறுவதென்றால் சாவி மாறுவதுதான். சமையலம்மா சாட்சியாக நிற்க, பழையவர் கையிலிருந்து புதியவர் கைக்குச் சாவி போக வேண்டும். பிறகுதான் காகிதமெல்லாம்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உங்களுக்குக் கொழந்த இருக்கு டீச்சர், நீங்க போங்க," என்பார் காசிநாதன். "உங்களுக்குக் காலு இப்டி இருக்கு சார், நீங்க போங்க," என்பாள் கண்ணகி. பந்தியில் கடைசி லட்டுக்கு இரண்டு சம்பந்திகள் நீங்க, நீங்க என்கிற மாதிரிதான். வாரக்கணக்கில் சொன்னார்களே தவிர, இருவரில் ஒருவர்கூடக் கையை நீட்டி மற்றவர் சாவியை வாங்கவில்லை. வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். அந்தக் காலோடு தினமும் ஓடையைத் தாண்டினால் அவர் காலை எடுக்க வேண்டியதுதான். அவள் வாங்கிக்கொண்டால் பூங்கோதை தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

ஊருக்கும் விஷயம் தெரிந்துபோனது. கிணற்றடியில் செவ்வந்தி பிடித்துக்கொண்டாள். கூலி வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தாள்.

"போவாதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல டீச்சர். உங்க புள்ள அங்க கீது. ஆனா ஒண்ணு கேக்குறேன். அஞ்சு வகுப்புக்கு ஒரு டீச்சருன்னு சொல்லிக்கினு பாதி பாடந்தான் நடக்குது. சாரு ரெண்டு ஊருக்கும் நடந்தாருன்னா அதுல பாதி. எங்க புள்ளைங்களுக்கு இன்னாதான் மிஞ்சும்?"

"எனக்கு பதிலா ஒரு ஆளு போடணும்னு கேளுங்க செவ்வந்தி. நானா வேணாங்குறேன்?"

"கேட்டுக்கினுதான் கீறோம். ஊர்க்கவுண்டரு சடையன் மூணு வாட்டி மனு குடுத்துட்டாரு. புள்ளைங்க கம்மி, ஒரு டீச்சரே ஜாஸ்தின்றாங்களாம்." செவ்வந்தி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "புள்ளைங்க கம்மிதான். அதுக்காவ வகுப்பு கம்மியாயிடுமா?"

வீட்டுக்குப் போனபிறகும் அந்தக் கேள்வி கண்ணகியோடு உட்கார்ந்திருந்தது. செவ்வந்தி திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தாள். திட்டுகிறவர்களை விட்டுவிட்டுப் போவது சுலபம்.

ஜூன் மாதத்தின் கடைசி வாரம் பிறந்தது. சாயங்காலம் பாறைமேல் ஆதிமூலத்தின் குரல் வந்தது.

"மத்தியானம் பாப்பாவுக்கு வந்துச்சி. தேவகி கடைக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பாத்தா அடுப்பாண்ட கெடக்குது. நல்ல வேளை, அடுப்பு எரியல."

கண்ணகி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழமை கல்யாணம். சனிக்கெழமையிலேர்ந்து தேவகி இல்ல. நான் டிராக்டர வுட்டுட்டா சோத்துக்கு இன்னா பண்றது? நீ சொல்லு."

"வந்துடுறேங்க."

"போன வருசமும் இதத்தான் சொன்ன," என்றான் ஆதிமூலம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதவன் பேசுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான்.

அன்று ராத்திரி கண்ணகி முடிவு செய்துவிட்டாள். காலையில் நெடுவளவுக்குப் போவது. அங்கே சமையல் செய்கிற கொளஞ்சியம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, தும்பைக்காட்டுச் சாவியைக் காசிநாதன் கையில் திணிப்பது. அவர் வாங்காவிட்டால் மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது. அவர் கால் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தாள். இப்படியெல்லாம் நினைக்கத் தனக்கு வருகிறதே என்று பயந்துபோனாள். பயந்தாளே தவிர, முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

விடிந்ததும் காட்டுப் பாதையில் இறங்கினாள். வழியெல்லாம் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டாள். மன்னிச்சிடுங்க சார் என்று ஆரம்பிக்கக் கூடாது, ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும், சாவி கையிலேயே நின்றுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓடையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்து நெடுவளவு பள்ளிக்கு வந்தபோது பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

"சாரு எங்கம்மா?" என்று கேட்டாள்.

"உங்க ஸ்கூலுக்குத்தான் டீச்சர் போனாரு," என்றாள் கொளஞ்சியம்மாள். "சின்னக்கண்ணு பைக்குல ஏறிக்கினு சுத்து வழியா போறாரு. உங்களத்தான் பாக்கணும்னாரு."

இந்தக் காலோடு, அந்தத் தடத்தில், பைக்கில் ஏறித் தன்னைத் தேடிப் போயிருக்கிறார். எதற்குப் போவார்? சாவியை வாங்கிக்கொள்ளத்தான். நான் போகிறேன், நீங்கள் நில்லுங்கள் என்று சொல்கிறவராக இருந்தால் இத்தனை நாள் நீங்க போங்க, நீங்க போங்க என்று சொல்லியிருப்பாரா? அவர் காலைப் பற்றி நேற்று ராத்திரி தான் நினைத்தது ஞாபகம் வந்து, பிள்ளைகள் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தாங்க டீச்சர்," என்று கொளஞ்சியம்மாள் கையை நீட்டினாள். கண்ணகியும் நீட்டினாள். சாவி அவள் உள்ளங்கைக்கு வந்தது.

அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. மலைப் பள்ளிகளில் சமையலம்மாதான் முதலில் வந்து தன்னிடமிருக்கிற இரண்டாவது சாவியால் கதவைத் திறப்பாள், டீச்சர் வந்ததும் சாவியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். தும்பைக்காட்டில் இருசம்மாள் ஆறு வருஷமாகக் காலையில் சாவி நீட்டுவாள், கண்ணகி வாங்கிப் பையில் போடுவாள். கொளஞ்சியம்மாள் டீச்சரைப் பார்த்தாள், நீட்டினாள். கண்ணகி சாவியைப் பார்த்தாள், வாங்கினாள். இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

காசிநாதன் திரும்பி வரும்வரை பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்க அவளால் முடியவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது அந்த மனிதருக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று சாக்பீஸை எடுத்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் படம் போட்டாள், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்ததால் பாடமும் நன்றாக வந்தது. பிள்ளைகளைச் சிரிக்கக்கூட வைத்தாள். அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

அரங்கநாதனும் சுப்புராயனும் இறங்கினார்கள். அரங்கநாதன் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார், சாக்பீஸைப் பார்த்தார், அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா. சார்ஜ் எடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க சார். நான் குடுக்கத்தான் வந்தேன். சாரு எங்கிட்ட சாவி வாங்க எங்க ஸ்கூலுக்குப் போயிருக்காரு."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

கண்ணகி பையிலிருந்து எடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாக வந்தது.

அரங்கநாதன் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டார். "இந்த ஸ்கூல் சாவிய டீச்சர் கையில நீங்கதான் குடுத்தீங்களா?" குடுத்தேனுங்க என்றாள் கொளஞ்சியம்மாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"டீச்சர், கொஞ்சம் நிதானமா கேளுங்க," என்றார் அரங்கநாதன், தணிந்த குரலில். "வேலை நாள்ல உங்க ஸ்கூல வுட்டுட்டு இங்க இருக்கீங்க. அவரு இத வுட்டுட்டு அங்க இருக்காரு. ரெண்டு பேரும் பர்மிஷன் வாங்கல. சார்ஜ் எடுக்கலன்னு நீங்க சொன்னா, ரெண்டு பேருக்கும் மெமோ குடுக்கணும். மெமோ இருந்தா மாறுதல் கெடையாது. அவருக்கு ரிட்டயர்மென்ட் வேற வருது, பென்ஷன் நின்னுடும். சார்ஜ் எடுத்தேன்னு சொன்னீங்கன்னா யாருக்கும் ஒண்ணுமில்ல. எது எழுதட்டும்?"

"சார்ஜ் எடுத்தேன்னு எழுதினா அவரு போலாமா சார்?"

"இந்த ஸ்கூல்லேர்ந்து போலாம். நீங்கதான் பதிலா வந்துட்டீங்களே."

"அவரும் எங்க ஸ்கூல்ல சார்ஜ் எடுத்திருந்தா?"

"அப்ப நீங்க அந்த ஸ்கூல்லேர்ந்து போலாம்."

"அப்ப நாங்க ரெண்டு பேருமே போலாமுங்களா?"

அரங்கநாதன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். சுப்புராயன்கூடப் பேனாவை மூடாமல் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எப்படி டீச்சர்? நீங்க போயிட்டா இங்க யாரு இருக்குறது? இதுக்கு இப்ப பொறுப்பு நீங்கதானே. உங்களுக்கு ஒரு பதிலாளு வரணும்."

"அப்ப நான் விடுபட்டேனா இல்லையா சார்?"

"தும்பைக்காட்டுலேர்ந்து விடுபட்டுட்டீங்க," என்றார் அரங்கநாதன். "நெடுவளவுலேர்ந்து இல்ல."

கண்ணகி பிள்ளைகளைப் பார்த்தாள். கணக்கைப் போட்டு முடித்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிலேட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், டீச்சர் பார்க்க வேண்டுமென்று. மாட்டேன் என்று சொன்னால் காசிநாதனுக்கும் சேர்த்து மெமோ. தன்னைக் காப்பாற்ற வந்த மனிதருக்குப் பென்ஷனை நிறுத்துவதா? கையெழுத்துப் போட்டாள். சுப்புராயன் இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு, காசிநாதனிடம் கையெழுத்து வாங்க ஒரு பைக் பிடித்துச் சுற்றுத் தடத்தில் போனார். அரங்கநாதன் பிள்ளைகளை வாழ்த்திவிட்டு ஜீப்பில் ஏறினார். இரண்டு பள்ளியும் திறந்திருந்தன, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் கண்ணகிக்கு ஒரு கல்லை எடுத்து ஜீப்மேல் எறிய வேண்டும் போலிருந்தது.

பள்ளி விட்டதும் தும்பைக்காட்டுக்குப் புறப்பட்டாள். ஓடைக் கரையில் காசிநாதன் உட்கார்ந்திருந்தார். சின்னக்கண்ணு காத்திருக்காமல் போய்விட்டான் போலிருக்கிறது, காட்டுப் பாதையில் நடந்தே இறங்கியிருந்தார். காலில் கட்டு நனைந்து ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"இருசம்மா சாவிய நீட்டுச்சி டீச்சர்," என்றார். "கை தானா போயி வாங்கிடுச்சி. புள்ளைங்க வேற உக்காந்திருந்துச்சுங்க. நீங்க வர வரைக்கும்னு நாலு வரி எழுதிப் போட்டேன். சுப்புராயன் வந்து நிக்கிறான்."

"கையெழுத்து போட்டீங்களா சார்?"

"போடலன்னா உங்களுக்கும் மெமோன்னான். கொழந்தைய வெச்சிக்கினு இருக்குற பொண்ணு. போட்டேன்."

கண்ணகி அவருக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "எனக்காக எங்கிட்ட சாவி வாங்க வந்தீங்களே சார். இந்தக் காலோட."

காசிநாதன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வரலம்மா," என்றார். "குடுக்க வந்தேன். டாக்டரு இந்த மாசத்துக்குள்ள அட்மிட் ஆவலன்னா வெரலு போவும்னுட்டாரு. உங்க மூஞ்சப் பாத்தா வாய் வராது. அதான் உங்க மேசைமேல வெச்சிட்டு ஓடிடலாம்னு வந்தேன்."

கண்ணகிக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. தான் மட்டும் கெட்டவள் இல்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்," என்றாள்.

காசிநாதன் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. சட்டைப் பையிலிருந்து நெடுவளவு பள்ளியின் சாவியை எடுத்தார். அவள் தும்பைக்காட்டுச் சாவியை எடுத்தாள். இரண்டு பேரும் அதைக் கொடுக்கத்தானே காலையில் கிளம்பினார்கள். கொடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு பஸ்ஸு நிக்கிற ஸ்கூலாவது இருந்துச்சு," என்றார் காசிநாதன், எதிரே நிற்கிற மேட்டைப் பார்த்து. "இனிமே நான்தான் ஏறணும்." பிறகு, அவள் மனசு வருந்தும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஸ்கூல மாத்திக் கேட்டு எழுதுவோம். அடுத்த வருஷம் பாக்கலாம்னுவான்," என்றார். கைகொடுத்து அவரை எழுப்பிவிட்டாள். அவர் நெடுவளவுக்கும், அவள் துணிமணி எடுக்கத் தும்பைக்காட்டுக்கும் நடந்தார்கள்.

பாறை ஏறியபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து இந்தப் பாறைக்கு வர வேலையில்லை. நெடுவளவில் பஸ் நிற்கிற இடத்திலேயே சிக்னல் உண்டு. வீடு மட்டும் அங்கிருந்தும் தினமும் போய்வருகிற தூரத்தில் இல்லை. கிழக்கே பார்த்து நின்று போன் போட்டாள். எடுத்தது பூங்கோதை.

"யம்மா, தேவகி அத்தைக்கு நாளைக்கு மருதாணி வெக்கிறாங்க. அப்பா சொன்னாரு, உனுக்குப் புது ஸ்கூலு வந்துடும்னு. வந்துச்சா?"

"இன்னைக்குத்தான் கண்ணு வேற ஸ்கூல்ல சேந்தேன்."

"அப்போ டெய்லி சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவியா?"

கண்ணகி மேற்கே அரை அடி நகர்ந்தாள்.

"யம்மா? நாளைக்கு வந்துடுவியா?"

இன்னும் ஓரடி நகர்ந்தாள். பாறையின் விளிம்பு வரைக்கும் போனாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மூன்று கோடும் அப்படியே நின்றது. திரும்பக் காதில் வைத்தபோது பூங்கோதை மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. பதிலுக்காகக் காத்திருந்தாள்.